பண்டிகைக்குத் தவணை உண்டு; நோய்க்கு இல்லை

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றும் நம் முன்னோர் பகுத்து வைத்தனர். மழையும் குளிரும் மாறி மாறி வரும் இந்த நான்கு திங்களில்தான் தீபாவளி, கல்லறைத் திருநாள், கார்த்திகைத் தீபம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று விழாக்களும் அடுத்தடுத்து வருகின்றன. வீட்டின் மற்றவர்களுக்கு இது மகிழ்ச்சியின் பருவம். வீட்டை நடத்தும் தாய்க்கோ, மகிழ்ச்சியோடு ஓய்வின்மையும் சேர்ந்த பருவம்.

இந்தப் பருவம் தொடங்கியதும் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு சொற்றொடர் ஒலிக்கத் தொடங்குகிறது: "பண்டிகை முடியட்டும், டாக்டர்." மார்பில் தென்பட்ட கட்டியை ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்றாலும், கருப்பைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நாள் குறிக்கலாம் என்றாலும், இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இரண்டு வாரத்தில் மீண்டும் வாருங்கள் என்றாலும் தாய்மார்கள் தரும் விடை பெரும்பாலும் இதுவே. எந்தப் பண்டிகை என்று கேட்டால்தான் சிக்கல் விளங்கும். தீபாவளி முடிந்தால் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு; தேர்வு முடிந்தால் கிறிஸ்துமஸ்; அது முடிந்தால் ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர்; அவர்கள் புறப்பட்டால் பொங்கல். அக்டோபரில் சொல்லப்பட்ட "முடியட்டும்" என்பது ஜனவரியின் நடுப்பகுதியைத் தொட்டுவிடுகிறது. மூன்று மாதத்துக்கும் மேலான காலம் அது.

இதைத் தாய்மார்களின் அலட்சியம் என்று சொல்வோருடன் எங்களுக்கு உடன்பாடு இல்லை. தன் பிள்ளைக்கு நூறு டிகிரி காய்ச்சல் என்றால் நள்ளிரவில் குடை பிடித்துக்கொண்டு வரும் அதே பெண்தான் தன் கட்டியை மூன்று மாதம் ஒத்திப்போடுகிறார். அவர் மருத்துவத்தை மதிக்காதவர் அல்லர். தாம் ஒரு நாள் விலகினால் வீடு நின்றுவிடும் என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் பல வீடுகளில் உண்மையாகவும் இருக்கிறது. ஆகவே நாங்கள் பேச வேண்டியது தாயிடம் மட்டுமன்று, குடும்பத்திடம்.

கைகள் செய்வதும் மனம் சுமப்பதும்

தென் மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்குக் குடும்பக் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவதோடு வேலை தொடங்குகிறது. நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ திருவருகைக் காலம் பிறக்கும். கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள். முதல் ஞாயிற்றுக்குள் வீட்டுக்கு வெள்ளை அடித்தாக வேண்டும்; மழை விட்டால்தானே அடிக்க முடியும்? பிள்ளைகளின் துணி தையற்கடையில் இருக்கிறது. கடைக்காரரை மூன்று முறை நினைவூட்டினால்தான் கிடைக்கும். பரணிலிருந்து நட்சத்திர விளக்கை இறக்க வேண்டும். குடிலுக்கு வைக்கோல் வேண்டும். பாடற்குழுவினர் எந்த இரவு நம் தெருவுக்கு வருகிறார்கள் என்று அறிந்து, அவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பலகாரம் என்பது ஒரு சொல். அதன் பின்னே எத்தனை நாள்கள்! அரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, வறுத்தெடுக்க ஒரு நாள். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்து, மாவில் தோய்த்து, இரண்டு மூன்றாக ஒட்டவிட்டுப் பொரிக்க ஒரு நாள். அச்சுமுறுக்குக்கு எண்ணெய்ச் சட்டியின் முன் மணிக்கணக்கில் நிற்க ஒரு நாள். இவை நம் வீட்டுக்கு மட்டுமல்ல. தீபாவளிக்குத் தட்டு அனுப்பிய அண்டை வீட்டாருக்கும் தட்டு போக வேண்டும். இத்தனைக்கும் நடுவே அவர் பள்ளியில் பாடம் நடத்துபவராகவோ, முந்திரித் தொழிற்சாலையில் பருப்பு உடைப்பவராகவோ, பீடி சுற்றுபவராகவோ இருக்கலாம். செய்த வேலையின் அளவுக்கு ஏற்பக் கூலி பெறுபவர் மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. பண்டிகைச் செலவு தலைக்கு மேல் நிற்கும் மாதத்தில் அந்தக் கூலி சிறு தொகை அன்று.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள், பெண்களில் 81 விழுக்காட்டினர். ஆண்களில் 26 விழுக்காட்டினர். அவ்வாறு ஈடுபட்டவர்களுள்ளும் பெண்கள் செலவிட்டது சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு எதிரே ஒன்றரை மணி நேரம். குழந்தைகளையும் முதியோரையும் நோயாளரையும் பேணும் நேரம் இதில் சேராது. அதிலும் பெண்களின் பங்கே மிகுதி என்று அதே ஆய்வு காட்டுகிறது.

எனினும் நிமிடக் கணக்கு அளக்காத சுமை ஒன்று உண்டு. அது நினைவின் சுமை. தாத்தாவின் நீரிழிவு மாத்திரை வியாழனோடு தீர்கிறது. இளையவளின் கணக்குத் தேர்வு வெள்ளிக்கிழமை. எரிவாயு உருளை இன்னும் பத்து நாள்தான் வரும். நாத்தனார் வீட்டுக் குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாது. இவை எந்த நாள்காட்டியிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஒருவர் மனத்தில் மட்டும் இருக்கின்றன. மாவு பிசையும்போதும், பேருந்தில் நிற்கும்போதும், உறக்கத்துக்கு முன்னும் அந்த மனம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அத்தனை நினைவுகளின் வரிசையில் கடைசியில் நிற்பது அவருடைய சொந்த மருத்துவச் சீட்டு.

ஒத்திப்போடுவதன் விலை

மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது அல்ல என்பதைச் சோதனைதான் சொல்லும். வலி இல்லை என்பது விடை ஆகாது. அக்டோபர் மாதம் உலகெங்கும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் நாட்டில் அது பண்டிகைப் பருவத்தின் வாயிலிலேயே வந்து நிற்கிறது. அந்த மாதத்தில் தன் கட்டியைக் கண்டறிந்த பெண் ஜனவரியில் வந்தால், விழிப்புணர்வால் பயன் என்ன? மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் மீண்டும் இரத்தம் பட்டால், அது ஒரு துளியானாலும், உடனே காட்டப்பட வேண்டும். இத்தகைய அறிகுறிகள் பொங்கல் வரை காத்திருக்கக் கூடியவை அல்ல.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஓசையின்றித் தீங்கு செய்பவை. தலைசுற்றல் இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்துவோர் இந்தப் பருவத்தில் மிகுதி; வாங்க நேரமில்லை என்பதே காரணம். இனிப்பும் உப்பும் கூடி, உறக்கம் குறைந்து, மாத்திரையும் நின்றால் உடல் எத்தனை நாள் தாங்கும்? சுவீடன் நாட்டில் 1998 முதல் 2013 வரை நேர்ந்த இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்புகளை ஆராய்ந்த மருத்துவர்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளன்று மாரடைப்பு அபாயம் 37 விழுக்காடு கூடியிருந்ததை 2018-இல் வெளியிட்டனர். அந்நாட்டின் குளிரும் வாழ்க்கையும் வேறு. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்துவதற்கில்லை. ஆயினும் விழாநாளின் பரபரப்பை இதயம் அறியும் என்பதை அது நினைவூட்டுகிறது. பெண்களுக்கு மாரடைப்பு, நெஞ்சைப் பிடிக்கும் வலியாக மட்டுமே வரும் என்பதில்லை. மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணம் தெரியாத பெருஞ்சோர்வு ஆகியவையும் அதன் முகங்கள். "அடுப்படியில் நின்ற அசதி" என்று அவற்றைத் தள்ளிவிடுவது எளிது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அத்தகைய வேளையில் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

மறுப்புகள் இரண்டு

"அம்மா மகிழ்ச்சியோடுதானே செய்கிறார்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், மகிழ்ச்சி உண்மையானது. தன் தாயிடம் கற்ற பக்குவத்தில் முந்திரிக்கொத்து பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் ஒரு பெண் அடையும் நிறைவை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த நிறைவைப் பறிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் பத்து வேலைகளில் அவருக்குப் பிரியமானவை இரண்டாக இருக்கலாம். எஞ்சிய எட்டும் வேறு யாரும் எடுக்காததால் அவரிடம் தங்கியவை. எந்த இரண்டு என்று அவரிடமே கேளுங்கள். அவற்றை அவருக்கு விட்டுவிட்டு எட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

"கேட்டால் உதவ மாட்டோமா?" என்பது இரண்டாவது. இங்கேதான் எங்கள் கருத்து அழுத்தம் பெறுகிறது. உதவி என்ற சொல்லிலேயே வேலை அவருடையது என்ற முடிவு ஒளிந்திருக்கிறது. கேட்க வேண்டுமானால் அவர் முதலில் நினைக்க வேண்டும். பிறகு சொல்ல வேண்டும். செய்தார்களா என்று பார்க்க வேண்டும். கை மாறினாலும் நினைவு மாறவில்லை. எனவே குடும்பத்தார் ஏற்க வேண்டியது உதவியை அன்று, பொறுப்பை. தாத்தாவின் மாத்திரை ஒருவருடைய பொறுப்பு என்றால், அது தீரும் நாளை அறிவதும், சீட்டை எடுத்துச் செல்வதும், வாங்கி வந்து பெட்டியில் அடுக்குவதும், வேளைக்குக் கொடுப்பதும் எல்லாம் அவரைச் சேர்ந்தவை. தாய் அதைப் பற்றி ஒரு முறைகூட நினைக்க வேண்டியிராத அளவுக்கு அது கைமாற வேண்டும்.

கணவர் வளைகுடா நாட்டிலோ கடலிலோ இருக்கும் வீடுகள் நம் பகுதியில் பல. தொலைவில் இருப்பவரால் மாவு இடிக்க இயலாது, உண்மைதான். ஆனால் நினைவைத் தொலைவிலிருந்தும் சுமக்கலாம். மனைவியின் பரிசோதனை நாளைத் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, முந்தைய நாள் மாலையில் அழைத்து, "நாளைக்கு டாக்டர் கிட்ட போகணும்ல? பிள்ளைகளை அக்கா பார்த்துக்கிடுவா, நான் பேசிட்டேன்" என்று சொல்வதற்குத் தொலைவு தடையில்லை. "அக்கா பார்த்துக்கிடுவா" என்பதை அவரே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது முக்கியம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தாயின் சுமை இறங்கும்போது அது மூத்த மகளின் தலையிலோ, முழங்கால் வலியோடு வாழும் மாமியாரின் தலையிலோ போய் அமர்ந்துவிடக் கூடாது. பதினைந்து வயது மகனுக்கும் மாத்திரைப் பெட்டி அடுக்கத் தெரியும். தெரியாவிட்டால் எங்கள் மருந்தகத்தில் கற்றுத் தருவோம். சில வேலைகளை யாருமே செய்ய வேண்டியதில்லை. ஆறு வகைப் பலகாரம் இரண்டு வகையானால் யாருடைய கிறிஸ்துமஸும் குறைந்துவிடாது.

நோயாளர் உள்ள வீட்டில்

நோயாளர் ஒருவரைப் பேணிக்கொண்டே பண்டிகையை நடத்தும் தாய்க்குச் சுமை இரட்டிப்பு. அவருடைய குடும்பத்தார் சிலவற்றை முன்கூட்டியே தம் பொறுப்பாக்கிக்கொள்ளலாம். விடுமுறை நாள்களில் வெளிநோயாளர் பிரிவு இயங்காது, அவசரப் பிரிவு மட்டுமே இயங்கும் என்பதால், டிசம்பர் 20-க்குள் ஜனவரி முதல் வாரம் வரைக்குமான மருந்தை வாங்கிவைப்பது ஒருவர் பொறுப்பு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறுபவர்கள் பணியாளரிடம் அடுத்த வருகை நாளைக் கேட்டு வைக்கலாம். டயாலிசிஸ் செய்பவருக்குப் பண்டிகைக்காக ஒரு முறையும் தவறக் கூடாது. அன்று அழைத்துச் செல்பவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கீமோதெரபி பெறுபவரைக் காண வரும் உறவினரிடம், சளியோ காய்ச்சலோ இருந்தால் வாசலிலேயே நலம் விசாரித்துச் செல்லுங்கள் என்று சொல்லும் துணிவு ஒருவருக்கு வேண்டும். அந்தப் பழியையும் தாயே ஏற்கும்படி விட வேண்டாம். அவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், திருநாள் இரவானாலும் உடனே அழைத்து வர வேண்டும். இன்சுலின் போடும் தாத்தா நள்ளிரவு வழிபாட்டுக்கு வருவதானால், உணவு நேரத்தை முன்பே மருத்துவரிடம் பேசி, சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். தாத்தா வரவில்லை என்றால், வீட்டில் அவருடன் இருப்பவர் ஆண்டுதோறும் தாயாகவே இருக்க வேண்டியதில்லை.

தாயே நோயாளராக வார்டில் இருக்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்று. கிறிஸ்துமஸ் ஒரே நாளில் முடிந்துவிடும் விழா அன்று. டிசம்பர் 25-இல் தொடங்கிப் பன்னிரண்டு நாள் நீண்டு, ஜனவரி 6-ஆம் நாள் மூவரசர் திருநாள் வரை செல்வது திருச்சபையின் பழைய மரபு. கீழ்த்திசைத் திருச்சபைகளுள் சில ஜனவரி 7-ஆம் நாளில்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகின்றன. அம்மா வீடு திரும்பும் நாளில் நட்சத்திர விளக்கை ஏற்றி, அன்று குடிலின் முன் பாடினால், அது பிந்திய கிறிஸ்துமஸ் ஆகாது. மரபு தந்திருக்கும் இடத்துக்குள்தான் அது நிற்கும். பிள்ளைகளும் அதை விளங்கிக்கொள்வார்கள். பண்டிகைக்குத் தவணை உண்டு. வளரும் கட்டிக்கும், ஏறும் இரத்த அழுத்தத்துக்கும் அது கிடையாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். நீங்கள் ஒரு நாள் விலகினால் வீடு சற்றுத் தடுமாறும். துணி தவறான அலமாரியில் ஏறும். குழம்பில் உப்புக் கூடும். அதைத் திருத்தாமல் விட்டுவிடுங்கள். பொறுப்பை ஒப்படைத்த பின் ஒவ்வொன்றையும் சரிபார்த்தால், நினைவு மீண்டும் உங்களிடமே வந்து சேரும். எங்களிடம் வரும்போது, "எனக்குக் கூலி போகும், ஒரே நாளில் எல்லாச் சோதனையையும் முடித்துத் தாருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் மருத்துவர் சந்திப்பையும் ஒரே நாளில் அமைத்துத் தருவது மருத்துவமனையின் கடமை என்பதே எங்கள் கருத்து.

இந்த இதழ் நோயாளரின் கையிலும் இருக்கலாம். காத்திருப்பு நாற்காலியில் அமர்ந்திருக்கும் கணவர், மகன், மருமகள் கையிலும் இருக்கலாம். படிப்பவர் யாராயினும் வீட்டுக்குச் சென்றதும் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். அதில் தேர்வு நாள் குறித்திருக்கும். சீட்டுப் பணம் கட்டும் நாள் குறித்திருக்கும். பாடற்குழு வரும் இரவும் குறித்திருக்கும். அம்மாவின் பரிசோதனை நாள் குறித்திருக்கிறதா? இல்லையென்றால் அவருடைய மருத்துவச் சீட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் கையால் எழுதுங்கள். அதன் பக்கத்தில், அன்று அவருடன் வருபவர் பெயரையும் எழுதுங்கள்.